ஐந்தாம் கை: நீலகிரியில் ஒரு பழைய காரின் வமிசாவளி

அப்பாவின் தகரப் பெட்டியில், ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களுக்கும் பழைய ரேஷன் அட்டைக்கும் அடியில் ஓர் ஆர்.சி. புத்தகம் கிடந்தது. அட்டை நைந்திருந்தது. தாள்கள் பழுத்து மடிப்பில் கிழிந்து, ஒட்டுநாடாவால் சேர்க்கப்பட்டிருந்தன. கல்வெட்டும் செப்பேடும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிவருபவன் என்பதாலோ என்னவோ, அதைப் பிரித்ததும் எனக்கு வமிசாவளிதான் நினைவுக்கு வந்தது. திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சோழர் குலத்தைச் சூரியனில் தொடங்கி வரிசையாக இறக்கிக்கொண்டு வரும். இந்தப் புத்தகமும் தன் குலத்தை ஒரு தேயிலைக் கம்பெனியில் தொடங்கி இறக்கிக்கொண்டு வந்திருந்தது.

1967இல் முதல் உரிமையாளர் அந்தக் கம்பெனி. வண்டி பெரிய துரையின் உபயோகத்துக்கு வாங்கப்பட்டது. 1974இல் வெலிங்டனில் இருந்த ஓர் இராணுவ அதிகாரி. 1979இல் குன்னூர்க் கடைவீதி வணிகர் ஒருவர். 1985இல் ஒரு டிரைவிங் ஸ்கூல். 1991இல் என் அப்பா. அவர் குன்னூருக்கு அருகே ஒரு தேயிலை ஆலையில் டீ மேக்கராக இருந்தார். 18,000 ரூபாய் கொடுத்து வாங்கினார். அது அவருடைய ஓராண்டுச் சம்பளத்துக்குச் சற்றுத்தான் குறைவு. அவருக்குப் பின் புத்தகத்தில் பெயர் இல்லை. வண்டி காயலாங்கடைக்குப் போனதால் புத்தகம் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஆக, அந்த வமிசத்தின் கடைசி அரசர் அப்பாதான்.

அது என்ன கார் என்று வாசகர் கேட்கலாம். அன்று இந்தியச் சாலைகளில் ஓடிய மூன்று வகைகளில் ஒன்று என்பது போதும். நான்கு கை மாறி, பல நூறு பேர் கிளட்ச் பழகிய ஒரு வண்டியின் குற்றங்களை, அதைச் செய்து அனுப்பியவர் தலையில் கட்டுவது நியாயமல்ல. ஆனால் அந்தக் குற்றங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பது நியாயம். அந்தக் கேள்விக்கு விடை தேடப்போனால், ஒரு குடும்பத்தின் கதை நாட்டின் தொழிற்கொள்கைக் கதையாகவும், ஒரு மலையின் கதையாகவும் விரிந்துவிடுகிறது.

*

முதலில், ஒரு கார் இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்தும் விலைபோனது ஏன்? பழைய இரும்பு அவ்வளவு உறுதி என்பார்கள். உறுதி உண்டுதான். ஆனால் வேறு வண்டி கிடைக்கவில்லை என்பதே முதற்காரணம்.

விடுதலைக்குப் பிறகு, உள்நாட்டிலேயே உறுப்புகளைச் செய்யும் திட்டம் இல்லாத கார் நிறுவனங்களுக்கு இடமில்லை என்று மத்திய அரசு முடிவெடுத்தது. 1953இல் வந்த சுங்கவரி ஆணையத்தின் அறிக்கை இதற்கு அடிப்படை. இறக்குமதியான உறுப்புகளைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அடுத்த சில காலத்திலேயே வெளியேறின. எஞ்சியவை முக்கியமாக மூன்று. வங்காளத்தின் உத்தர்பாராவில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி அம்பாசடரைச் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். பம்பாயில் ஃபியட் 1100ஐச் செய்து, பின்னர் அதற்குப் பத்மினி என்று பெயர் வைத்த பிரீமியர். சென்னையில் 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ்.

மூன்றில் நம் மண்ணுக்கு உரியது ஸ்டாண்டர்ட். தென்மாவட்டங்களிலும் மலைநகரங்களிலும் ஒருகாலத்தில் மிகுதியாகத் தென்பட்ட ‘ஹெரால்ட்’ 1961இலிருந்து அங்கே செய்யப்பட்டது. இங்கிலாந்தில் டிரையம்ஃப் என்ற பெயரில் விற்ற கார் இது. வடிவமைத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 948 சி.சி. எஞ்சின். பானெட்டோடு முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறந்துகொள்ளும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலைபார்க்கலாம். இங்கிலாந்தில் 1971இல் அதன் ஆயுள் முடிந்தது. இங்கே நான்கு கதவு வைத்து, பின் 1972இல் முகத்தை மாற்றி ‘கெஸல்’ என்று பெயரிட்டு, 1977வரை ஓட்டினார்கள்.

இந்த மூவரும் சேர்ந்து 1970களில் ஆண்டுக்கு 50,000 கார்களைக்கூட எட்டவில்லை. எத்தனை செய்யலாம் என்பதற்கு உரிமம். யாருக்கு எந்த வரிசையில் விற்கலாம் என்பதற்கு 1959ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு ஆணை. என்ன விலைக்கு விற்கலாம் என்பதற்கு 1969இல் வந்த விலைக்கட்டுப்பாடு. அந்த விலைக்கணக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, தீர்ப்பும் வந்தது. பணம் கட்டிப் பதிவு செய்தவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். கிடைத்தவர் அதை அதிக விலைக்குக் கைமாற்ற முடிந்தது.

காத்திருப்போர் வரிசையில் நிற்கவே தகுதியில்லாதவர்களுக்கு இருந்த ஒரே வழி, இன்னொருவர் விட்டுச்சென்ற வண்டி. ஆகவே இந்தியாவில் ‘பழைய கார்’ என்பது புதிய காரின் நிழலாக இருக்கவில்லை. பெரும்பாலோருக்கு அதுதான் கார். புதியது வராத நாட்டில் பழையது சாக அனுமதிக்கப்படுவதில்லை.

*

இனி மலைக்கு வருவோம்.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்றே மேலே இருக்கிறது. குன்னூர் 1,850 மீட்டர். உதகை 2,240 மீட்டர். சுமார் ஐம்பது கிலோமீட்டர் பாதையில் ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏற்றம். குன்னூர் வழியாக ஒரு பாதை 1830களின் தொடக்கத்திலேயே வெட்டப்பட்டது. அது வண்டிகளுக்கு மிகச் செங்குத்தாக இருந்ததால், பிற்பாடு சாய்வு குறைந்த புதிய வழி அமைக்கப்பட்டது. அந்தப் பணியை நடத்திய கர்னல் லாவின் பெயர் இன்றும் குன்னூருக்குக் கீழே உள்ள லாஸ் நீர்வீழ்ச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் அடைந்தது. பல்சக்கரம் வைத்துத்தான் அந்த இரயிலே ஏற முடிந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், 948 சி.சி. எஞ்சின்மீது நமக்கு இரக்கம் பிறக்கும்.

உயரம் எஞ்சினுக்கு என்ன செய்கிறது? உதகையில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் எரிவது குறையும்; எஞ்சின் தன் வலுவிலும் ஏறக்குறைய அவ்வளவை இழக்கும். ஆனால் அந்தக்காலக் கார்புரேட்டருக்குக் காற்று மெலிந்த செய்தி தெரியாது. அது கோயம்புத்தூரில் ஊற்றிய கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றும். புகைபோக்கியில் கரும்புகை வரும். பிளக்கில் கரி படியும். குன்னூரில் மெக்கானிக்கிடம் சொல்லிப் பெட்ரோல் அளவைக் குறைத்துவைத்தாலோ, மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியதும் எரிபொருள் போதாமல் எஞ்சின் சூடேறும். மேலே சரிசெய்தால் கீழே கெடும்; கீழே சரிசெய்தால் மேலே கெடும். இரு வீட்டு விருந்தாளி இரு வீட்டிலும் பட்டினி கிடந்த கதைதான்.

தண்ணீரும் அப்படியே. உதகையின் உயரத்தில் அது 93 பாகைக்கு அருகிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் மூடி இறுக்கமாக இருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, கொதிப்பு தள்ளிப்போகும். நான்காம், ஐந்தாம் கையில் மூடியின் ரப்பர் எப்போதோ தேய்ந்திருக்கும். பெட்ரோலும் சூட்டில் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். அதற்கு வைத்தியம் பெட்ரோல் பம்ப்பின்மேல் ஈரத்துணி. காய்ச்சல்காரர் நெற்றியில் போடுவதுபோல் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இறக்கத்தில் வேறு தொல்லை. டிரம் பிரேக்குகள் தொடர்ந்து அழுத்தப்பட்டால் சூடேறிப் பிடிமானம் இழக்கும். அதனால்தான் ‘எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு’ என்பது இந்த மலையின் பழமொழி போலாயிற்று. மழைக்காலத்து மூடுபனியோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரமாகப் படிந்து, காலையில் எஞ்சினைக் கிளப்பவிடாது.

இவ்வளவையும் பட்டியலிடக் காரணம் உண்டு. ‘நம்ப முடியாத வண்டி’ என்று நாம் சொல்லும்போது, அந்த நம்பகமின்மை இரும்பிலேயே பிறந்தது என்று எண்ணுகிறோம். அதே வண்டி தஞ்சாவூரில் ஓடியிருந்தால் இந்தக் கோளாறுகளில் பாதி தலைகாட்டியிராது. சமவெளிக்கும் வேறு நாட்டுக்கும் கணக்கிட்ட பொறி, மலையில், முதுமையில், வசதி குறைந்தவர் கையில் வந்து சேர்ந்தது. இம்மூன்றும் சேர்ந்ததன் பெயர்தான் கோளாறு.

*

ஆர்.சி. புத்தகத்தை மீண்டும் பார்க்கலாம். அதில் இரண்டு ஓட்டங்கள் எதிரெதிராகச் செல்கின்றன. வண்டி ஒவ்வொரு பெயர்மாற்றத்திலும் சமூகப்படியில் ஒன்று கீழே இறங்குகிறது. வாங்கியவரோ அதே படியில் ஒன்று மேலே ஏறுகிறார். எஸ்டேட் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். பெரிய துரை, சின்ன துரை, அலுவலக ஊழியர், கணக்கப்பிள்ளை, லயத்தில் தொழிலாளர்கள் என்று வரிசை கறாராக நிற்கும் உலகம் அது. காரில் போகிறவர் துரை. நடந்து போகிறவர் மற்றவர். ஆலையில் இலை வாட்டத்தின் பதம் பார்க்கும் ஊழியர் ஒருவர், முன்பு ஏதோ ஒரு துரை ஏறிய காரையே வாங்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தியது சிறிய செயலல்ல. வண்டி வந்த அன்று அம்மா ஆரத்தி எடுத்தாள். பக்கத்து வீட்டார் வந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள்.

ஆனால் படியிறங்கி வருவது வண்டி மட்டுமல்ல. முதல் கையில் பழுது அரிது. வந்தாலும் கம்பெனிக் கணக்கில் எழுதப்பட்டது. இரண்டாம் கை, தேய்மானம் தொடங்கும்போது விற்றுவிட்டது. மூன்றாம் கை எஞ்சினைப் பிரித்து வேலை செய்து, செலவு எடுக்குமளவு ஓட்டியது. எந்தக் கையில் பணம் மிகக் குறைவோ, அந்தக் கைக்குத்தான் பழுது முழுமையாக வந்து சேர்ந்தது. துரை மலிவாக ஓட்டினார். டீ மேக்கர் விலையுயர ஓட்டினார். மலிவான கார் என்ற சொல்லில் உள்ள பொய் இது. வாங்கும்போது மலிவு என்பது, பின்னால் தவணையாகக் கட்டவேண்டிய விலைக்கு வேறு பெயர்.

1970இல் ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார்ச் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தன் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது, ஆகவே வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் குறைத்தே விலை சொல்வார், நல்ல கார் வைத்திருப்பவர் விற்காமல் விலகிவிட, சந்தையில் சொத்தைகளே மிஞ்சும் என்பது அவர் வாதம். அதே கட்டுரையில் இந்தியக் கிராமத்துக் கடன் சந்தையையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். 2001இல் நோபல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

நீலகிரிக்கு இந்தக் கோட்பாடு பாதிதான் பொருந்தும். குன்னூர் போன்ற சிற்றூரில் காரின் குறை இரகசியமே அல்ல. எந்த வளைவில் எந்த வண்டி நிற்கும் என்று பேருந்து ஓட்டுநர்களுக்குக்கூடத் தெரியும். அப்பா வாங்கப்போன வண்டியைப் பார்த்த மெக்கானிக் பாய், “சார், இதோட கியர்பாக்ஸ்ல ஊர்ப் புள்ளைங்க பாதிப்பேர் கைரேகை இருக்கு. வேணாம் சார்” என்றாராம். அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தே வாங்கினார். அறியாமை அல்ல, வேறு வழியின்மைதான் இங்கே சந்தையை நடத்தியது.

வாங்கிய பின் அந்த வண்டியை ஓடவைத்தது யார்? நியாயமாகப் பார்த்தால் ஓர் ஊரே. உதிரிப்பாகம் கிடைக்காதபோது கோயம்புத்தூர் லேத் பட்டறையில் கடைந்து வாங்கிவந்த பாய். கிளம்பாத காலைகளில் தள்ளிக்கொடுத்த லயத்து இளைஞர்கள். பர்லியாரில் ரேடியேட்டருக்குக் குடத்தில் தண்ணீர் தந்த கடைக்காரர். கடைசியாக, கட்டை போடும் பையன். அந்தப் பையன் நான். ஹேண்ட் பிரேக் நிற்காத வண்டியில் பின்கதவோரம் உட்கார்ந்து, மடியில் ஒரு மரக்கட்டையை வைத்திருப்பேன். ஏற்றத்தில் எஞ்சின் அணைந்ததும் அப்பா, “தம்பி, கட்டை!” என்பார். குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்கு அடியில் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் அது எனக்கு வீரமாக இருந்தது.

ஒருமுறை காட்டேரிப் பக்கம் ஒரு வளைவில் கட்டை வழுக்கியது. மழை. வண்டி பின்னால் நகரத் தொடங்கி, நாலைந்து அடி வந்து, மண்மேட்டில் முட்டி நின்றது. உள்ளே அம்மாவும் தங்கையும் இருந்தார்கள். மண்மேடு இருந்தது இடப்பக்கம், வலப்பக்கம் பள்ளத்தாக்கு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கீழே இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கை நடுங்கியது. வண்டியின் நம்பகமின்மை கடைசியாக வந்து சேர்ந்த இடம் எதுவென்று அன்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

*

1983 டிசம்பரில் குர்காவ்னிலிருந்து வெளிவந்த மாருதி 800, இந்த வமிசாவளி முறையை மாற்றியது. 796 சி.சி. மட்டுமே. ஆனால் எடை 650 கிலோவுக்கும் குறைவு. அம்பாசடரோ ஒரு டன்னுக்கு மேல். சிறிய எஞ்சின் குறைந்த சுமையை இழுத்துக்கொண்டு மலை ஏறியது, நடுவில் நிற்காமல். 1990களில் மாருதியும் இரண்டாம் கை, மூன்றாம் கையாக ஊழியர் வீடுகளுக்கு இறங்கிவந்தபோது, பழைய மூன்று வகைகளின் விலை விழுந்தது. ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1985இல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்ற பெரிய காரை முயன்று, அந்தப் பதின்ம ஆண்டுகள் முடிவதற்குள் கார் உற்பத்தியையே நிறுத்திவிட்டிருந்தது. பிறகு வந்த வண்டிகளில் கார்புரேட்டர் போய், காற்றின் அளவை அறிந்து பெட்ரோலைப் பீய்ச்சும் மின்னணு முறை வந்தது. மலையின் உயரத்தை முதன்முறையாக வண்டியே தெரிந்துகொண்டது. பாய் காதால் கேட்டு அறிந்திருந்தவற்றில் பலவற்றுக்கு அத்துடன் வேலை போயிற்று.

எங்கள் வண்டியின் முடிவு தேயிலையோடு வந்தது. 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்து, நீலகிரியின் சிறு விவசாயிகள் தெருவுக்கு வந்த காலம். அப்பாவின் ஆலையில் இலைவரத்து குறைந்தது, சம்பளம் தள்ளிப்போனது. 2000இல் கிளட்ச் போனபோது மாற்றப் பணமில்லை. அடுத்த ஆண்டு எடைக்கு விற்றார். பொது வரலாற்றிலும் அந்தத் தலைமுறை பின்னர் ஒவ்வொன்றாக விடைபெற்றது. அம்பாசடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றது. மும்பையின் கடைசிப் பத்மினி டாக்ஸிகள் 2023இல் ஓய்ந்தன. நாளிதழ்கள் உருகி எழுதின.

அந்த உருக்கத்தில் எனக்குப் பாதிச் சம்மதம்தான். ஒரு வண்டியைச் சுற்றி ஓர் ஊர் கூடியது உண்மை. அந்தக் கைத்திறனும் கூட்டுறவும் எங்கும் எழுதப்படாமல் மறைவதும் உண்மை. நம் இலக்கியம் தேருக்கும் வில்வண்டிக்கும் இடம் கொடுத்த அளவுக்குப் பட்டறைக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டுறவைக் கட்டாயமாக்கியது பற்றாக்குறை. அதன் சுமை கீழ்ப்படியில் இருந்தவர்மீதே விழுந்தது. பழைய வண்டிகளைக் கொண்டாடுகிறவர் பலர் முதல் கையாகவோ இரண்டாம் கையாகவோ இருந்தவர்கள். ஐந்தாம் கையைக் கேட்டால் வேறு கதை வரும்.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் புத்தகத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பாவின் பெயர் இருந்த பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். “அதப் பத்தியா எழுதற? அதுல ஏறி ஒரு கல்யாணத்துக்காவது முகூர்த்தத்துக்குள்ள போய்ச் சேந்திருக்கோமா?” என்றாள். சற்றுப் பொறுத்து, “ஆனா அந்த மனுசன் அத வாங்கின அன்னிக்கு நடந்த நடையப் பாத்திருக்கணும்” என்றாள்.

இப்போது வாகனப் பதிவுக்குப் புத்தகம் இல்லை, அட்டைதான். எத்தனையாவது உரிமையாளர் என்ற எண் இருக்கும். முன்னவர் பெயர்கள் இருக்காது. வரலாற்று மாணவனுக்கு அது இழப்பு. அப்பாவின் பெயர் ஐந்தாவதாக இருக்கும் அந்தப் பக்கத்தை மட்டும் இனி ஒட்டுநாடா இல்லாமல், உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.